சிரித்த முகத்துக்கு ஒரு நட்சத்திரம்

அம்மா இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குக் குழந்தை மனசு என்றார்கள். பொய். அம்மா குழந்தைகளோடு வேலை செய்தாள், அவ்வளவுதான். பல் டாக்டருக்குப் பல் மனசா இருக்கிறது?

மீதிப் பேர் எப்போதும் சிரித்த முகம் என்றார்கள். அது இன்னும் பெரிய பொய். அப்படிச் சொன்னவர்களில் பலர் அவள் உயிரோடு இருந்தபோது அவளை முறைப்பு டீச்சர் என்று கூப்பிட்டவர்கள். செத்தவளைப் பற்றி எதையும் சொல்லலாம், எதிர்த்துப் பேச மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அவள் ஒரு பாலர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. பள்ளி என்பது பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். டிப்போவில் பஸ் பின்னோக்கி வரும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும். சுவரில் ஒரு யானை வரைந்திருந்தார்கள். ஈரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து யானைக்குத் தும்பிக்கை இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் அதைப் பன்றி என்று நினைத்தார்கள். அம்மா திருத்தவில்லை. பார்த்தால் பன்றி மாதிரிதான் இருக்கிறது என்பாள்.

அவள் முகம் கடுகடுப்பானது. புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். சிரிக்கத் தோன்றினால் சிரிப்பாள், தோன்றாவிட்டால் இல்லை. பெரும்பாலும் தோன்றாது. பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு அப்பா, "டீச்சர், கொஞ்சம் சிரிங்களேன், பாப்பா பயப்படுது" என்று கேட்டாராம். "பாப்பா பயப்படலை சார். நீங்கதான் அவ கையை விட மாட்டேங்கறீங்க" என்றாளாம் அம்மா. அந்த அப்பா கையை விட்டார். கடைசி வரை அம்மாவை மன்னிக்கவில்லை.

பள்ளியில் நடந்ததை எல்லாம் அவ்வப்போதும் இழவு அன்றும் எனக்குச் சொன்னது பள்ளியின் ஆயா. பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு, பாய் விரித்து, தரை துடைக்கும் பெண். அம்மா எதையும் வீட்டில் சொல்ல மாட்டாள்.

ஒரு பிள்ளை அழுதால் பெரியவர்கள் அங்கே பார் காக்கா என்பார்கள். அம்மாவுக்கு அந்தக் காக்காவைக் கண்டாலே ஆகாது. அவள் பிள்ளையைத் தூக்க மாட்டாள். அழாதே என்று சொல்ல மாட்டாள். பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். முழங்கால் முகவாயில் இடிக்கும். நடந்ததை நடந்தபடி சொல்வாள். அவன் உன் லாரியைப் பிடுங்கினான், உனக்குக் கோபம் வந்தது, கடித்துவிட்டாய். அவ்வளவு சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள். அழுது முடியும் வரை எழுந்திருக்க மாட்டாள். பிறகு கடிபட்டவன் பக்கம் நாற்காலியை நகர்த்துவாள். உனக்கு வலிக்கிறது என்பாள். அங்கேயும் உட்கார்ந்திருப்பாள்.

கடித்தவனை மன்னிப்புக் கேட்க வைக்க மாட்டாள். நாலு வயதில் சாரி என்பது பின்வாசல், சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்பது அவள் கட்சி. அதற்குப் பதிலாக அவன் போய்த் துணியை நனைத்துக் கொண்டுவந்து கடித்த இடத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். இவன் கைக்குக் கீழே அவன் கை நடுங்குவது தெரியும் வரை.

கடிபட்டவனின் அப்பா மறுநாள் சண்டைக்கு வந்தார்.

"கடிச்சவனுக்கு ரெண்டு வைக்காம, பக்கத்துல உக்காந்து கதை கேட்டீங்களாமே?"

"அடிச்சா கடிக்கிறது நிக்காது சார். நான் பாக்காதப்ப கடிப்பான்."

"இப்ப மட்டும் என்ன, நீங்க பாக்குறப்பவே கடிச்சிருக்கான்."

ஆயா இதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இழவு வீடு என்பதால்.

வீட்டில் இந்த நாற்காலி வித்தை எதுவும் கிடையாது. மாலையில் வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் அழுதால் உள்ளே போய் அழு என்பாள். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பக்கத்தில் உட்காருகிறாய், எனக்கு மட்டும் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அங்கேயே தீர்ந்துபோய்விட்டது என்றாள். ஏதோ சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது போல. அப்பா அதை வைத்தே வருடக்கணக்காக அவளைக் குத்தினார். கடைசியில் அவரும் தன் அக்கா வீட்டோடு போய்விட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்குப் புதிய தாளாளர் வந்தார். பள்ளியைத் தொடங்கியவரின் மருமகள். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, குழந்தைகளின் உணர்வுத் திறனை வளர்க்க வேண்டும் என்றார். வகுப்புக்கு ஒரு முகப்பலகை வந்தது. பலகையில் நான்கு வட்ட முகங்கள்: சிரிப்பு, அழுகை, கோபம், பயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் துணி மாட்டும் கிளிப் ஒன்று, அதில் அதன் போட்டோ. காலையில் வந்ததும் தனக்கு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தின் கீழே கிளிப்பை மாட்ட வேண்டும்.

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. பேச வராத பிள்ளைக்குக் கூட மாட்ட வரும் என்றாள். ஒரு பையன் தினமும் பயத்தில் மாட்டினான். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கும் சத்தம் என்று தெரிந்தது. சங்கிலியை இழுக்கும் வேலையை அம்மா அவனிடமே கொடுத்தாள். அதன் பிறகு அவன் தேவையில்லாமலும் இழுத்தான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர் முழுக்க அதில் போனது. ஆனால் கிளிப் இடம் மாறியது.

தாளாளருக்கு ஒரே ஒரு குறை. காலையில் பிள்ளையை விட வரும் பெற்றோர் கண்ணில் படும் இடத்தில் பலகை இருக்கிறது. அதில் பாதி வகுப்பு அழுகையிலும் கோபத்திலும் தொங்குகிறது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் சிரித்த முகத்தில் மாட்டும் பிள்ளைக்குப் பலகையில் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவது என்று முடிவு செய்தார். வகுப்பே கைதட்ட வேண்டும்.

கொஞ்ச நாளில் எல்லாக் கிளிப்பும் சிரித்தது.

நான் தொழிற்சாலைகளில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். கொதிகலனின் அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டுக்குப் போனால் அன்று உற்பத்தி நிற்கும். ஒரு ஆலையில் யாரோ முள்ளை நூலால் பச்சைப் பக்கம் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். கருவி புத்தம் புதியது. முள் அசையவே இல்லை. மேலாளர் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார். அந்தத் தாளாளரும் அதே ரகம்.

அம்மா அன்று எதிர்க்கவில்லை. நட்சத்திரம்தானே, தொலையட்டும் என்று விட்டாள். எதிர்த்தால் பலகையையே எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். அதைவிட மோசம், பலகையை நம்ப ஆரம்பித்திருந்தாள். அதுவரை காலையில் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தவள், இப்போது பலகையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். எல்லாம் சிரிப்பு. சரி.

வகுப்பில் ஒரு சின்னப் பெண். எந்நேரமும் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்குப் பொத்தான் என்று பெயர். அவளுக்குக் காது வலி. தினமும் சிரித்த முகத்தில் மாட்டினாள். தினமும் நட்சத்திரம் வாங்கினாள். ஒருநாள் மதியம் படுக்க வைத்தபோது பாயில் ஈரம். ஆயா பார்த்தாள். சீழ். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. செவிப்பறை ஓட்டையாகிவிட்டது என்றார் டாக்டர்.

பொத்தானின் அப்பா வெல்டர். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. கேட்டில் நின்று மெதுவாகக் கேட்டாராம்.

"பக்கத்துலயே உக்காந்திருப்பீங்கன்னு சொன்னாங்க டீச்சர். சீழ் நாத்தம் கூடவா வரலை?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பொத்தான் காதில் பஞ்சோடு திரும்பி வந்தபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காது வலிச்சுதா?"

"ம்."

"அப்புறம் ஏன் சிரிச்ச மூஞ்சியில மாட்டின?"

பொத்தான் அவளை அறிவில்லாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாளாம். "வலிச்சா ஸ்டார் கிடையாதே."

அன்று பிள்ளைகள் போனதும் அம்மா நகத்தால் சுரண்டி எல்லா நட்சத்திரத்தையும் எடுத்தாள். பசை விடவில்லை. பலகை முழுக்கப் பொரி பொரியாகக் காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றது. தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கு நன்கொடை தரும் அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அவர்கள் பார்க்க வருவதே இந்தப் பலகையைத்தான், நட்சத்திரம் இருந்தாக வேண்டும் என்றார். முடியாது என்றாள் அம்மா. அப்படியென்றால் இந்த வகுப்பு உங்களுக்கு இல்லை என்றார் அவர். குரல் உயர்த்தாமல், புன்னகையோடு சொன்னார் என்று ஆயா சொன்னாள்.

அந்த வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை. பாத்திரத்தை வைக்க மாட்டாள், போடுவாள். விட்டுத் தொலையேன், வேறு பள்ளிக்கூடமா கிடைக்காது என்றேன்.

"ஸ்கூல் கிடைக்கும். அவ கிடைக்க மாட்டா."

"யாரு?"

"வலிச்சாலும் இளிக்கணும்னு கத்துக்குடுத்துட்டேன்டி ஒருத்திக்கு. அதை எடுத்துட்டுத்தான் போகணும். இல்லேன்னா அது அவளோடயே போயிடும்."

வகுப்பு அவள் கையை விட்டுப் போகக் கூடாது. அந்த வருடம் முடியும் வரையாவது. அதற்காக அவள் செய்ததைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. தாளாளரிடம் போய்ச் சரி என்றாள். தன் கையாலேயே நட்சத்திரங்களைத் திரும்ப ஒட்டினாள்.

பார்வையிட வந்தவர்கள் மூன்று பேர். நல்ல செருப்பு, நல்ல வாசனை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலகை பளபளத்தது. எல்லாக் கிளிப்பும் ஒரே முகத்தின் கீழ் இடித்துக்கொண்டு தொங்கின. அற்புதம் என்றார் ஒருவர். இவ்வளவு மகிழ்ச்சியான வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்றார். உண்மைதான், யாருமே பார்த்திருக்க முடியாது. அவர்களில் இருந்த அம்மாள் பொத்தானிடம் குனிந்து, நீ இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டார்.

பொத்தான் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. திரும்பி என் அம்மா முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அதில் தேடினாள்.

அம்மா ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும். வகுப்பு அவளுடையது.

"என்னைப் பாக்காத," என்றாள் அம்மா. "உனக்கு எப்படி இருக்கோ அதைச் சொல்லு. எந்த மூஞ்சியில மாட்டினாலும் ஸ்டார் உண்டு."

பொத்தான் கொஞ்ச நேரம் பொத்தானைத் திருகினாள். எழுந்து போய்த் தன் கிளிப்பைக் கழற்றிக் கோபத்தில் மாட்டினாள். உடனே பின்னால் ஒரு பையன் எழுந்தான். பிறகு இரண்டு பேர். பிறகு வகுப்பே பலகைக்கு ஓடியது. கிளிப்புகள் சிதறின. இருவர் ஒரே கிளிப்பைப் பிடித்து இழுத்தார்கள். கடிக்கிறவன் கடித்தான். கழிப்பறைச் சத்தத்துக்குப் பயந்த பையன் இந்தச் சந்தடியில் போய்ச் சங்கிலியை இழுத்துவிட்டு வந்தான். பலகை ஆணியோடு கழன்று நல்ல செருப்பு ஒன்றின் மேல் விழுந்தது.

பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று நான் பிறகு ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதிலும் முக்கால்வாசி பொய்தான், ஒன்றைப் பார்த்து ஒன்று மாட்டியது, அந்த ஒருத்தி மட்டும் நிஜம் என்றாள்.

தாளாளர் அன்று மாலையே அவளைப் போகச் சொன்னார். பொத்தானுக்குக் கற்றுக்கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஒரு வாரம் கூடத் தரவில்லை. அம்மா கெஞ்சவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். நாளைக்கு ஒரு நாள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். தாளாளர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

"லீவுல போறேன்னு சொல்லிடுங்க டீச்சர். குழந்தைங்கதானே, மறந்துடும். எதுக்கு வீணா அழ வைக்கணும்?"

மறுநாள் தாளாளர் வகுப்பு வாசலிலேயே நின்றார். அம்மா நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். 

"நாளையிலேருந்து நான் வர மாட்டேன். லீவு இல்ல. திரும்பி வர மாட்டேன். வேற டீச்சர் வருவாங்க."

சங்கிலி இழுக்கும் பையன்தான் முதலில் கேட்டான்.

"செத்துப்போயிடுவீங்களா?"

"இப்ப இல்ல."

"ஊருக்கா?"

"வீட்டுக்கு. எனக்கு இங்க இருக்கத்தான் ஆசை. இருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

தாளாளர் டீச்சர் என்று வாசலிலிருந்து அதட்டினார். அம்மா திரும்பவில்லை. பொத்தான் கிட்டே வந்து அம்மாவின் இரண்டு புருவத்துக்கும் நடுவே விரலை வைத்தாள்.

"கோபமா இருக்கீங்களா?"

"ஆமா. ரொம்ப."

"என் மேலயா? நான் மாத்தி மாட்டினேனே."

"உன் மேல இல்ல. நீ மாட்டினது சரி."

பொத்தானின் வாய் கோணியது. பிறகு அழுதாள். செவிப்பறை கிழிந்தபோது சத்தம் போடாத பெண், தெருவரைக்கும் கேட்கும்படி அழுதாள். அதைப் பார்த்து மற்றவர்களும். காக்காவைக் காட்ட ஆயாவுக்கே கை வந்ததாம், அடக்கிக்கொண்டாள். ஜன்னலில் பெற்றோர் எட்டிப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது உள்ளே, அந்தப் பொம்பளைக்கு மனசாட்சியே இல்லையா என்று யாரோ கத்தினார்கள். போதும், கிளம்புங்கள் என்றார் தாளாளர். இன்னும் முடியவில்லை என்றாள் அம்மா. கடைசிப் பிள்ளை மூக்கை உறிஞ்சி நிறுத்தும் வரை அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எந்தப் பள்ளியும் அவளை எடுக்கவில்லை. பிள்ளைகளை அழ வைப்பவள் என்று பேர் பரவிவிட்டது. ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்தாள். அங்கேயும் சிரிக்கச் சொன்னார்கள், நின்றுவிட்டாள். பிறகு வீட்டில் தையல் மெஷின். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இதயத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மானிட்டரில் ஓடிய எண்களை எனக்குப் படிக்கத் தெரியும். அவள் முகத்தையும் படிக்கத் தெரியும், அந்த முகம் எதையும் ஒளிக்காது. அதில் பயம் இருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பயமா இருக்காம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். நன்றாக, பல் தெரிய. என் வாழ்நாளில் அவள் எனக்காகச் சிரித்த ஒரே பொய்ச் சிரிப்பு அது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய்ச் சாப்பிட்டு வா."

நான் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். என்னைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டாள். சாகப்போவது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று சித்தி சமாதானம் சொல்கிறாள். அம்மாவுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் செய்தாள். எனக்கு அவள் மேல் கோபம்.